லூஸ் வைக்காத சட்டை

தையல்காரர் தரையை மிதித்துப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. தரை என்றால் நிஜத் தரை, மண்ணும் தாரும் உள்ள தரை. ஒன்பதாவது மாடியிலிருந்த அந்த இரண்டு அறை வீட்டின் தரையைத்தான் அவர் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாரே. முன்னறையில் தையல் மெஷினும் துணி வெட்டும் மேசையும், பின்னறையில் கட்டில். சமையலறை ஜன்னலில் நின்றால் எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும், பால்கனியில் நின்றால் பேருந்து நிறுத்தம். உலகம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு மனுஷன் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் இறங்குவதில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார். காரணம் சொல்வதில் அவர் புலி. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, வெயில் கொளுத்துகிறது, முழங்கால் மக்கர் பண்ணுகிறது. முழங்கால் மட்டும் உண்மை. ஒருமுறை படியில் இறங்கிப் பார்த்தார். ஏழாவது மாடி வருவதற்குள் இரண்டு முழங்காலும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. திரும்பி வரும்போது படிக்குப் படி உட்கார்ந்து, சின்னக் குழந்தை மாதிரி பின்பக்கமாக நகர்ந்து ஏறினார். அதோடு படிக்கு ஒரு கும்பிடு போட்டாயிற்று.

மிச்சம் இருந்தது லிஃப்ட். அதன் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். "அது" என்பார். ஆனால் அது இல்லாமல் அவர் பிழைப்பும் இல்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் கீழேயே பையை லிஃப்டுக்குள் வைத்து ஒன்பதை அழுத்திவிட்டுப் போவார்கள். பை தனியாக மேலே வரும். தைத்து முடித்ததும் இவர் கையை மட்டும் உள்ளே நீட்டிப் பையை வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்வார். கட்டடத்தில் உள்ளவர்கள் சட்டையெல்லாம் ஜம்மென்று லிஃப்டில் போய்வந்தன. தைத்தவர் மட்டும் மேலேயே கிடந்தார். கீழே அவருக்கு "ஒன்பதாம் மாடி" என்றே பெயர் விழுந்துவிட்டது.

அறிவுரைக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டம்மா வாரம் ஒருமுறை வந்து வகுப்பெடுப்பார். "எல்லாம் மனசுதான் சார். கண்ணை மூடிக்கிட்டு, லிஃப்ட் ஒரு பூந்தோட்டம்னு நினைச்சுக்குங்க."

"பூந்தோட்டம் நடுவழியில நின்னுபோச்சுன்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டார் தையல்காரர். 

இத்தனை நாள் இது சிரித்துக் கடத்துகிற விஷயமாகத்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. மகளுக்குக் கல்யாணம்.

மண்டபம், கூட்டம் எதுவும் கிடையாது. பதிவு அலுவலகத்தில் வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்குக் கையெழுத்து, அவ்வளவுதான். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அம்மா போன பிறகு பத்து வயதிலிருந்து இந்த வீட்டை நடத்துகிறவள். எதையும் அளந்துதான் பேசுவாள். ஒரு மாதத்துக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்."

"பார்க்கலாம்மா."

"பார்க்கலாம்னா?"

"பார்க்கலாம்னா பார்க்கலாம்தான்."

தமிழில் இதைவிட வழுக்கலான சொல் வேறு இருக்கிறதா தெரியவில்லை. வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. கேட்டவர் கையில் ஒன்றும் நிற்காது. அடுத்த வாரமும் அவள் கேட்டாள், அதே பார்க்கலாம் வந்தது. அதற்கடுத்த வாரம் அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணம் முடிந்த மறுநாளே இருவரும் வேறு ஊருக்குப் போகிறார்கள், மாப்பிள்ளைக்கு அங்கே மாற்றல். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் மெஷின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. பெற்ற மகள் கல்யாணத்துக்கு ஒன்பது மாடி இறங்க முடியாதவன் எல்லாம் ஒரு அப்பனா என்று தன்னைத்தானே அவர் திட்டாத நாள் இல்லை. திட்டினால் கால் நகர்ந்துவிடுமா? தினமும் மகள் வேலைக்குப் போன பிறகு வெளியே வந்து பொத்தானை அழுத்துவார். கதவு திறக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் ஒரு வியர்த்துப்போன ஆள் தெரிவார். கதவு மூடும். இவர் வீட்டுக்குள் போய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இதில் இன்னொரு கொடுமை மாப்பிள்ளை. அவர் லிஃப்ட் மெக்கானிக். அதுவும் இதே லிஃப்டின் மெக்கானிக். விதிக்கு நக்கல் ஜாஸ்தி.

பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் நடந்தது இது. பட்டன் வாங்கக் கிளம்பிய தையல்காரர் தனியாக லிஃப்டில் ஏறினார். ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு குலுக்கு, விளக்கு அணைந்தது, நின்றுவிட்டது. முதல் பத்து நிமிஷம் பொத்தான்களை அழுத்தினார். அடுத்த அரை மணி நேரம் கதவை உதைத்தார், கத்தினார். வெளியே கூடியவர்கள் "பதட்டப்படாதீங்க" என்று பதட்டமாகக் கத்தினார்கள். மகளும் ஓடி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மெக்கானிக் வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தையல்காரருக்குச் சர்க்கரை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாத உடம்பு. அவ்வளவு பேர் குரல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, இருட்டில், சுவரோடு சாய்ந்து நின்றபடி, ஐம்பத்தாறு வயது மனிதர் பேண்டை நனைத்துக்கொண்டார்.

மெக்கானிக் மேல் கதவைத் திறந்து உள்ளே குதித்து டார்ச் அடித்தார். பார்த்தார். உடனே டார்ச்சை அணைத்தார். தோளில் கிடந்த நீலக் கோட்டை எடுத்து இவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். "தலை சுத்துதுன்னு சொல்லுங்க சார். வீடு வரைக்கும் நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். அப்படியே கொண்டுவந்து சேர்த்தார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. மறுநாள் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கிழிந்திருந்த பாக்கெட்டையும் தைத்து, லிஃப்டிலேயே வைத்துக் கீழே அனுப்பினார் தையல்காரர்.

அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவில்லை. அறுந்து விழுந்துவிடும் என்ற பயமெல்லாம் அவருக்கு இல்லை. அந்தப் பெட்டிக்குள் காலை வைத்தால் அன்றைக்கு நின்ற அதே ஆளாகத் திரும்ப நிற்க வேண்டும். அதுதான் அவரால் ஆகாதது.

மாதாமாதம் லிஃப்டைப் பார்க்க வந்த மெக்கானிக், வந்த இடத்தில் மகளையும் பார்த்துவிட்டார். மகளும் பார்த்துவிட்டாள். ஆள் தங்கமானவர் என்று கட்டடமே சொன்னது. தையல்காரரும் குறை சொல்லவில்லை, தலையாட்டிவிட்டார். ஆனால் மெக்கானிக் வீட்டுக்குள் வந்தால் போதும், இவருக்கு அவசர வேலை வந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டு மெஷினைப் படபடவென்று ஓட்டுவார். "மாமா, சௌக்கியமா?" என்றால் "ம்" என்பார். மனதுக்குள் ஒரே ஓட்டம்: இவனுக்குத் தெரியும். இவளிடம் சொல்லியிருப்பானா? சொல்லாவிட்டாலும் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட மாட்டானா? மகள் சும்மா சிரித்தால்கூட அதைத்தான் நினைத்துச் சிரிக்கிறாளோ என்று இருந்தது. வருங்கால மருமகனின் முகத்தை அவர் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இந்த அழகில் மகள் கேட்டாள்: "அவருக்குக் கல்யாணச் சட்டை நீங்க தைச்சுக் குடுங்கப்பா."

"தைச்சா போச்சு. அளவு எடுத்துட்டு வா."

"அவரையே வரச் சொல்றேனே, நீங்களே எடுத்துக்குங்க."

"எனக்கு நேரம் இல்லம்மா. டேப்பை எடுத்துட்டுப் போ."

 அவள் டேப்பை எடுத்துக்கொண்டு போய், அளவெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். நெஞ்சு நாற்பது என்று இருந்தது.

தையல் பாஷையில் லூஸ் என்று ஒன்று உண்டு. உடம்பை ஒட்டி டேப்பைச் சுற்றினால் கிடைப்பது உடம்பு அளவு. அதே அளவில் சட்டை தைத்தால் போட்டவன் மூச்சு விட முடியாது. கையைத் தூக்க, குனிய, வயிறார உண்டுவிட்டு உட்கார, நெஞ்சளவுக்கு மேல் நாலு அங்குலம் சேர்த்துத்தான் துணியை வெட்ட வேண்டும். அந்த நாலு அங்குலம்தான் லூஸ். தையல்காரன் மகளாயிற்றே, லூஸ் சேர்த்துத்தான் எழுதியிருப்பாள் என்று இவர் நினைத்தார். அப்பாவுக்குத் தெரியாத லூஸா, அவரே சேர்த்துக்கொள்வார் என்று அவள் நினைத்தாள். வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. இரும்பைத் தூக்கித் தூக்கி உரமேறிய அந்தத் தோளை இவர் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால், உடம்பே நாற்பது என்று கண்ணே சொல்லியிருக்கும். ஆளைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்துத் தைத்தார். சட்டை பார்வைக்கு லட்சணமாக வந்தது.

வியாழக்கிழமை வந்தது. தையல்காரர் விடிந்ததும் குளித்து, நல்ல பேண்ட், நல்ல சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கிளம்பத் தயாராக இருந்தார், கிளம்பத்தான் இல்லை. ஒன்பது மணிக்கு மகள் புது உடுப்பில் வாசலில் வந்து நின்றாள். 

"டோக்கன் வாங்கணும், நான் முன்னாடி போறேன்பா. அவர் பத்து மணிக்குக் கீழ வருவார். சட்டையை லிஃப்ட்ல வச்சு அனுப்பிடுங்க."

"சரிம்மா."

அவர் காலில் கிடந்த ஷூவை அவள் பார்த்தாள். வாங்க என்று அவள் சொல்லவில்லை. "போய்ட்டு வரேன்பா" என்றாள்.

அவள் போன பிறகு அவர் லிஃப்ட் வாசலுக்குப் போனார். சட்டையை வைத்தார். உள்ளே ஒரு காலை வைக்கப் பார்த்தார். கால் தூக்கிய இடத்திலேயே நின்றது. பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி வந்து, கட்டிலில் விழுந்து, சத்தம் வராமல் அழுதார். இன்றைக்குக்கூட முடியவில்லை என்றால் இனி என்றைக்கு?

பத்தே கால் இருக்கும். வாசல் மணி விட்டுவிட்டு, கோணல்மாணலாக அடித்தது. கதவை லேசாகத் திறந்து பார்த்தார்.

மெக்கானிக் நின்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவர் மாதிரி இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. முன்னால் பனியன், பின்னால் முழங்கையில் இறுகிச் சுருண்டுபோன புதுச் சட்டை. முகமெல்லாம் வியர்வை.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. சட்டை கொஞ்சம் பிடிக்குது."

"கொஞ்சமா!"

"பட்டன் போட வரலை. சரி, கழட்டிடலாம்னு பார்த்தேன், பாதியில மாட்டிக்கிச்சு. வாட்ச்மேன் இழுத்துப் பார்த்தார். இன்னும் இறுகிப்போச்சு. கிழிச்சிடவான்னு கேட்டார். நீங்க தைச்சதாச்சே, எப்படிக் கிழிக்கிறது?"

"எப்படி மேல வந்தீங்க?"

"மூக்கால பட்டனை அழுத்தினேன். மணி அடிச்சது நெத்தியால."

வேறு நாளாக இருந்தால் தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்றைக்கு அவரை உள்ளே இழுத்து, சட்டையைப் பிடித்து உருவப் பார்த்தார். மெக்கானிக்கும் தோளைக் குலுக்கித் திமிறினார். துணி இன்னும் ஒரு சுற்று இறுகியது.

"மாமா," மெக்கானிக்கின் குரல் மாறியிருந்தது. "கை மரத்துப்போச்சு. எனக்கு என்னமோ பண்ணுது. மூச்சு முட்டுற மாதிரி இருக்கு."

தையல்காரர் நிமிர்ந்தார். அந்த வியர்வையை அவருக்குத் தெரியும். தினமும் லிஃப்ட் கண்ணாடியில் பார்க்கிற வியர்வை. முதல்முறையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். சின்ன வயசுதான். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பயந்துபோன கண்.

"முண்டாதீங்க மாப்பிள்ளை," என்றார். மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை இரண்டு பேருமே கவனிக்கிற நிலையில் இல்லை. "முண்ட முண்ட இறுகும். துணியோட சண்டை போடாதீங்க. தோளைத் தொங்க விடுங்க. மூச்சை வெளிய விடுங்க. இன்னும் விடுங்க. அப்படித்தான். கை இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்."

மெக்கானிக் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. துணியில் ஒரு நூலிழை இடைவெளி வந்தது. தையல்காரர் பிளேடை எடுத்து, சட்டைக் கைகளின் தையலை இரண்டு பக்கமும் பிரித்து, கைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். மெக்கானிக் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

தையல்காரர் மகளுக்குப் போன் போட்டார். "ஏம்மா, சீட்டுல எழுதினியே, நீ லூஸ் சேர்த்தியா இல்லையா?"

"நான் எதுக்குச் சேர்க்கணும்? அது உங்க வேலைதானே?"

"அப்ப யாருமே லூஸ் வைக்கலையா?"

"யாரு லூசு மாமா?" என்றார் மெக்கானிக் பதறிப்போய்.

"நான்தான்," என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் போனை வைத்தார்.

எந்தச் சட்டையாக இருந்தாலும் உள்ளே ஒரு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைப்பது அவர் வழக்கம். இரண்டு பக்கமும் கையும் பிரித்துவிட்டுத் தைத்தால் மூன்று அங்குலம் கிடைக்கும். போதும். மெஷின் ஓட ஆரம்பித்தது. மெக்கானிக் பனியனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் முடிந்தது. கைகள் முடிந்தன. இடது பக்கத்தை எடுத்து ஊசிக்கடியில் வைத்தவர், ஓட்டாமல் அப்படியே இருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நடந்ததை அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எதை மாமா?"

"அதான். கோட்டு கட்டி விட்டீங்களே. அதை."

மெக்கானிக் யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார். "ஓ, அதுவா? இல்லையே. சொல்லணும்னு தோணவே இல்லை. அது என்ன, எப்பவும் நடக்கிறதுதானே?"

"எப்பவுமா?"

"உள்ள மாட்டினா மணிக்கணக்குல ஆகுது. வயசானவங்க, சின்னவங்க, ஆம்பளை, பொம்பளை, யாரா இருந்தாலும் உடம்பு உடம்புதானே? போன வாரம் ஒரு பெரிய ஆபீஸ் மேனேஜர். அதுக்குத்தான் எங்க வண்டியில எப்பவும் எக்ஸ்ட்ரா கோட்டு ஒண்ணு வச்சிருப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. ஸ்பேனர், டார்ச், கயிறு, கோட்டு."

"அப்ப அது உங்க கோட்டு இல்லையா?"

"ஐயோ, இல்ல மாமா. பொதுக் கோட்டு. நீங்க பாக்கெட் தைச்சு அனுப்பினீங்களே, அதேதான் இன்னும் ஓடுது. உங்களுக்கப்புறம் எத்தனையோ பேர் கட்டிட்டாங்க."

ஸ்பேனர், டார்ச், கயிறு, கோட்டு. தையல்காரர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உலகத்தில் தனக்கு மட்டுமே நடந்த கேவலம் என்று எதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு கிடந்தாரோ, அது ஒரு சாமான் பட்டியலில் நாலாவதாக இருந்தது. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பத்தொன்பது மாதம்! எத்தனை சாயங்காலம், எத்தனை மழை, எத்தனை பேருந்துகளை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்! அப்புறம் வயிற்றிலிருந்து என்னமோ கிளம்பியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே விளங்கவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். மெக்கானிக் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்குள் மணி பத்து ஐம்பது.

"மாமா, இதுக்கு மேல இருந்தா டோக்கன் போயிடும். அப்படியே குடுங்க, இடது கையை ஒட்டி வச்சுச் சமாளிச்சுக்கிறேன்."

"பாதித் தையலோட என் துணி இதுவரைக்கும் வெளிய போனதில்ல."

"அப்ப நீங்களும் வாங்க. வண்டியில உட்கார்ந்து கையால தைச்சிடுங்க."

ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். தையல்காரர் சட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். ஊசியை நூலோடு காலரில் குத்திக்கொண்டார். வீட்டைப் பூட்டினார். லிஃப்ட் வாசல் வரைக்கும் கால் ஒழுங்காக நடந்தது. கதவு திறந்ததும் நின்றுவிட்டது. கோட்டு விஷயம் தெரிந்துவிட்டதே, இனி பயம் போயிருக்கும் என்று நினைத்திருந்தார். எங்கே போனது? அப்படியே இருந்தது. 

மெக்கானிக் உள்ளே நின்று, கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கா மாமா?"

"இருக்கு."

"இருக்கட்டும். வாங்க."

பயத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அதையும் கூட்டிக்கொண்டே ஏறலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வலது காலை வைத்தார். இடது கால் தானாக வந்தது. கதவு மூடியது.

ஒன்பது, எட்டு, ஏழு. கண்ணை மூடவில்லை. ஆறில் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்தது. பல்லைக் கடித்தார், மெக்கானிக்கின் வெறுங்கையை இறுக்கிப் பிடித்தார், நகம் பதிந்தது.  தையல்காரர் தோளைத் தொங்க விட்டார். மூச்சை வெளியே விட்டார். ஐந்து வந்தது, போனது. பயம் கடைசி வரை கூடவே வந்தது. தரைத்தளத்தில் கதவு திறந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள், அவரும் அவர் பயமும். வாட்ச்மேன் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, பேயைப் பார்த்த மாதிரி பார்த்தார்.

"அடேங்கப்பா, ஒன்பதாம் மாடி!"

"இப்ப தரைத்தளம்" என்றார் தையல்காரர்.

வேன் புறப்பட்டது. மாப்பிள்ளை பனியனோடு ஓட்ட, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைத் தைத்தார். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். மேடுபள்ளத்தில் இரண்டு தடவை ஊசி விரலில் குத்தியது. தெருவில் மனிதர்களின் முகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். மேலேயிருந்து பத்தொன்பது மாதமாக அவர் தலைகளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவு அலுவலகத்தின் வாசலில் கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தார். மெக்கானிக் சட்டையை மாட்டிப் பட்டனைப் போட்டார். கையைத் தூக்கிக் காட்டினார். தூக்க முடிந்தது.

நீளமான அறை, சுவரோரம் பெஞ்சுகள். கடைசிப் பெஞ்சில் மகள் மடியில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துக் கடையில் அவளோடு வேலை பார்க்கிற அம்மா ஒருவர், நல்ல உடுப்பு உடுத்தி, கைப்பையோடு இருந்தார். மகள் முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். காகிதம் கீழே விழுந்தது.

தையல்காரர் குனிந்து அதை எடுத்தார். முழங்கால் வலித்தது. மனுவின் கடைசியில் சாட்சி என்று போட்ட இடத்தில் அந்த அம்மாவின் பெயர் எழுதியிருந்தது. முகவரியும் இருந்தது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மகளுடைய முத்து முத்தான எழுத்து. இன்றைக்கு அவசரத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கிறாள். என்றைக்கு எழுதினாளோ?

மகளின் முகம் சிவந்தது. "அப்பா, நான்... நீங்க வருவீங்கன்னு எனக்கு..."

அவருக்கு வலித்தது. வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அதில் ஒரு எழுத்துகூட அநியாயம் இல்லை.

"புது ஃபாரம் வாங்கிட்டு வந்துடறேன்பா. அஞ்சே நிமிஷம். கேட்டா குடுப்பாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுண்டர் ஜன்னல் பக்கம் ஓடப் பார்த்தாள்.

தையல்காரர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். காகிதத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டி அவள் கையில் கொடுத்தார். அந்த அம்மாவைப் பார்த்து ஒரு வணக்கம் சொன்னார்.

"ஒண்ணும் வேண்டாம்மா. கையெழுத்தை யார் போட்டா என்ன? நான் வந்துட்டேன்ல."

மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். ஜன்னலில் அவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.